நம் சீமைக்கு வந்த வீரமாமுனிவர்



கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாநதி நம் கள்ளக்குறிச்சிச் சீமையைக் கடந்து கிழக்கே இறங்கி விருத்தாசலம் போய்ச் சேருகிறது. அந்த விருத்தாசலத்துக்கு வடக்கே, உளுந்தூர்ப்பேட்டைக்குத் தெற்கே, முகாசாபரூரை அடுத்து கோணான்குப்பம் என்ற கிராமம் உண்டு. சனவரி 23-ந் தேதி அங்கே நடக்கும் பெரியநாயகி மாதாவின் தேர்த்திருவிழாவுக்கு உங்களில் அநேகர் பிள்ளைகுட்டிகளோடு போய்வந்திருப்பீர்கள். தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் பாலகனை ஏந்தி நிற்கும் தேவமாதாவை அங்கே தரிசித்திருப்பீர்கள். அந்த மாதாவை அங்கே கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் சிறுபிள்ளையும் வீரமாமுனிவர் என்று சொல்லிவிடும். அவர் எந்த ஊர்க்காரர், எதற்காக இங்கே வந்தார், என்ன பாடுபட்டார் என்று கேட்டாலோ, பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த நாலு வரிக்குமேல் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆகையால் இந்த வாரம் அவருடைய சரித்திரத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சந்தையிலும் பேருந்திலும் வேலைசெய்கிற இடத்திலும் நம் வேதம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த வேதம் என்று அயலார் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிலர் சண்டைக்காகச் சொல்வார்கள். பலர் உண்மையாகவே அப்படி எண்ணிக்கொண்டு சொல்வார்கள். பதில் தெரியாமல் நம் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். சேசுநாதர் ஐரோப்பாவில் பிறந்தவர் அல்லர். ஆசியாக் கண்டத்தில் யூதேயா நாட்டில் பிறந்தவர். அப்போஸ்தலர்கள் போன இடமெல்லாம் அந்தந்த ஊர்ப் பேச்சில் போதித்தார்கள். கிரேக்க நாட்டில் வேதம் கிரேக்கம் பேசிற்று. உரோமையில் இலத்தீன் பேசிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அர்ச். சிரில், மெத்தோடியுஸ் என்ற சகோதரர் இருவரும் ஸ்லாவிய மக்களுக்கு எழுத்தையே உண்டாக்கிக் கொடுத்து, பிறகு வேதத்தைக் கொடுத்தார்கள். நம் இந்தியாவுக்கு அர்ச். தோமையார் கி.பி. 52-ல் வந்தார் என்பது பரம்பரையான விசுவாசம். போர்ச்சுக்கல், இங்கிலாந்து என்ற தேசங்களின் பேரையே நம் முன்னோர் கேள்விப்படாத காலம் அது.

என்றாலும் அயலார் சொல்வதில் சிறிது உண்மை இல்லாமலும் இல்லை. 1542-ல் அர்ச். சவேரியார் முத்துக்குளித்துறையில் வந்து இறங்கிய காலந்தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவன் பறங்கிக் குலத்தில் சேருகிறான் என்று உள்நாட்டார் எண்ணினார்கள். மாட்டிறைச்சி தின்று மதுவருந்தும் பறங்கியின் மார்க்கம் என்று அருவருத்தார்கள். இந்தத் தடையை உடைக்கத்தான் 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமியாராகிய இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மாமிசம் விலக்கி, சந்நியாசியாக வாழ்ந்தார். சீனாவில் மத்தேயு ரிச்சி சுவாமியார் சீன அறிஞரின் அங்கியை அணிந்து பீக்கிங் நகரத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே காலந்தான். தத்துவபோதகர் 1623-ல் நமக்கு மேற்கே சேலம், சேந்தமங்கலம் வரைக்கும் நடந்து வந்து போதித்தார் என்பது நம் பக்கத்தார் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. அந்த வருஷத்திலேயே பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர் அவருடைய முறைக்கு அனுமதி அளித்தார். அந்தப் பாதையில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்தவர்தான் நம் வீரமாமுனிவர்.

அவர் பிறந்தது 1680-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி. ஊர், வட இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே. பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ. குடும்பப் பெயர் பெஸ்கி. இந்தக் காஸ்திலியோனே சாதாரண ஊர் அல்ல. நாம் பிள்ளைகளுக்கு ஆசையோடு பேரிடுகிற அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அதுவே. அரச குமாரனாகப் பிறந்தும் பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, சேசு சபையில் சேர்ந்து, கொள்ளைநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து இளவயதில் இறந்த அந்த அர்ச்சியசிஷ்டவரின் கதையைக் கேட்டே அவ்வூர்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கொன்ஸ்தான்சோவும் 1698-ல், பதினெட்டு வயது நிறையுமுன்னே, சேசு சபையில் சேர்ந்தார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து இலக்கணம் போதித்தார். பிற்காலத்தில் நமக்கு இலக்கணம் எழுதித் தந்தவருக்கு அந்த வாத்தியார் வேலை வீண்போகவில்லை.

1709-ல் குருப்பட்டம் பெற்றதும், மதுரை மிஷனுக்குப் போக உத்தரவு கேட்டு வாங்கினார். அந்த உத்தரவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு வெளிநாடு போகிற நம் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை வீடு திரும்பலாம்; தினமும் தாயின் முகத்தைத் தொலைபேசியில் பார்க்கலாம். அன்று கப்பலேறுகிறவர் தாய்க்குச் சொல்லும் விடை கடைசி விடை. லிஸ்பன் துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வழியில் காய்ச்சலாலும் சொறிநோயாலும் பாதிப்பேர் சாவதுண்டு. 1710-ல் புறப்பட்ட பெஸ்கி சுவாமியார் அந்த வருஷம் அக்டோபர் மாதம் கோவாவில் கரையேறினார். மறுவருஷம் 1711-ல் தமிழ்நாட்டுக்குள் காலடி வைத்தார். வயது முப்பது. அதன்பின் அவர் இத்தாலியைக் காணவேயில்லை.

வந்தவர் பெயரை மாற்றிக்கொண்டார். கொன்ஸ்தான்சோ என்ற பெயரில் உறுதி, தைரியம் என்ற பொருள் அடங்கியிருப்பதால் தைரியநாதர் ஆனார். பின்னாளில் அது செந்தமிழாகி வீரமாமுனிவர் என்று நிலைத்தது. உடை காவி, உணவு ஒருவேளைச் சோறும் காய்கறியும். முப்பது வயதுக்குமேல் ஒரு புதிய பாஷையை, அதிலும் தமிழைப் போன்ற பாஷையை, கற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை. ழகரமும் ளகரமும் லகரமும் நம் பிள்ளைகளுக்கே தகராறு. சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் பாடங்கேட்டார் என்பது கர்ணபரம்பரை. திருக்குறள், சிந்தாமணி, கம்பராமாயணம் முதலியவற்றை அவர் ஆழமாகக் கற்றார் என்பதற்கு மட்டும் யாருடைய சாட்சியும் வேண்டாம். அவருடைய பாட்டுகளே சாட்சி.

முதலில் அவர் உழைத்தது தெற்கே, காமநாயக்கன்பட்டி முதலான திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில். அங்கே 1714, 1715 வருஷங்களில் வேதகலாபனை எழும்பிற்று. சுவாமியார் பிடிபட்டார், மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இருபது வருஷத்துக்கு முன்னேதான், 1693 பிப்ரவரி 4-ந் தேதி, ஓரியூர் மணலில் அர்ச். அருளானந்தர் தலைவெட்டுண்டு இறந்திருந்தார். ஆகையால் இந்தத் தண்டனை வெறும் பயமுறுத்தல் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. சர்வேசுரனுடைய சித்தம் வேறாக இருந்தபடியால் அவர் விடுதலையானார். வேதசாட்சி முடிக்கு அவ்வளவு அருகே போய் வந்தவர், அதன்பின் முப்பது வருஷம் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து பாடுபட்டார். ஒரே நாளில் உயிரைக் கொடுப்பதைவிட இது இலேசான தியாகம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

பிறகு அவர் வடக்கே வந்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் அரியலூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே கோயில்கொண்ட அடைக்கல மாதாவின்மேல் கலம்பகம் பாடினார். அந்தக் காலத்து இராஜரீக நிலையைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள். திருச்சியில் நாயக்கர் ஆட்சி தேய்ந்துகொண்டிருந்தது. தஞ்சையில் மராட்டியர் ஆண்டனர். 1714-ல் தேசிங்குராசன் மாண்டபின் செஞ்சிச் சீமையும் அதைச் சார்ந்த நம் பகுதிகளும் ஆர்க்காட்டு நவாபின் கைக்குப் போயின. இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில் பாளையக்காரர்கள் பலர். ஒரு சிற்றூரில் செபக்கூடம் கட்டவேண்டுமானால் அந்தப் பாளையக்காரர் மனம்வைத்தால்தான் நடக்கும்.

இப்போது கோணான்குப்பத்துக்கு வருவோம். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு இது. சுவாமியார் அந்தப் பக்கத்துக் காட்டுவழியே போகும்போது களைப்பால் ஒரு மரத்தடியில் படுத்துறங்கினார். எழுந்து போகையில் தாம் கொண்டுவந்த மாதா சுரூபம் அங்கேயே தவறிவிட்டது. அது அவ்வூரார் கையில் கிடைத்தது. பிள்ளையில்லாதிருந்த முகாசாபரூர்க் கச்சிராயர் அந்தத் தாயை வேண்டிக்கொண்டு பிள்ளைவரம் பெற்றார். சுவாமியார் தேடிவந்தபோது விஷயம் வெளியாகி, கச்சிராயரே கோயிலுக்கு இடமும் உதவியும் தந்தார். பெரியநாயகி என்ற பெயரைச் சூட்டி, தமிழ்ச் சேலையணிந்த சுரூபத்தைச் சுவாமியார் மணிலாவிலிருந்து வரவழைத்தார் என்றும் சொல்வார்கள். கச்சிராயர் என்ற பட்டம் நமக்குப் புதிதல்ல. கல்வராயன் மலையடியில் கச்சிராயபாளையம் என்ற ஊரே இருக்கிறதன்றோ?

இந்த வரலாற்றில் எது சாசனம், எது பக்தியுள்ள பாட்டிமார் சேர்த்தது என்று பிரித்தெடுக்க நாங்கள் முயலவில்லை. ஆனால் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். கோயிலுக்குக் கைகொடுத்தவர் கிறிஸ்தவர் அல்லர், அயலார். இது ஒன்று. மற்றது மாதாவின் பெயர். பெரியநாயகி என்பது விருத்தாசலம் பக்கத்து மக்கள் காதுக்கு நெடுங்காலமாகப் பழகிய பெயர். போர்ச்சுக்கீசியப் பெயரையோ இத்தாலியப் பெயரையோ அவர் அங்கே கொண்டுவந்து நாட்டவில்லை. தமிழ்நாட்டுத் தாயாக, இந்த மண்ணின் புடவையோடு தேவமாதாவை அவர் நிறுத்தினார். ஐரோப்பிய ஓவியங்களிலும் மரியம்மாள் பாலஸ்தீனத்துப் பெண்ணின் உடையிலா காணப்படுகிறாள்? அவரவர் தாய்க்கு அவரவர் நாட்டு உடையை அணிவிப்பது திருச்சபை முழுவதும் உள்ள வழக்கம்.

சேலை உடுத்திய மாதாவை விடப் பெரிய காரியம் தேம்பாவணி. 1726-ல் முடிந்த இந்தக் காவியத்தின் தலைவர், நம் வீடுகளில் அதிகம் பேசாத அர்ச். சூசையப்பர். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாட்டு. சுவிசேஷத்தில் சூசையப்பர் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. அப்படிப்பட்ட மௌனியைக் காவியத் தலைவராக்க யாருக்குத் துணிவு வரும்? பிறப்பு, தேவமாதாவோடு விவாகம், எகிப்துக்கு ஓட்டம், அங்கே வாசம், திரும்பி வருதல், நல்மரணம், மோட்ச மகிமை என்று அவர் வாழ்க்கையை வைத்து, அதற்குள்ளே பழைய ஏற்பாட்டுச் சரித்திரங்களையெல்லாம் கிளைக்கதைகளாகப் புகுத்திவிட்டார். சூசை என்ற பெயருக்கு வளன் என்றும், ஸ்நாபக அருளப்பருக்குக் கருணையன் என்றும் தமிழாக்கினார். காவியம் தமிழ் மரபுப்படி நாட்டு வளத்தோடு தொடங்குகிறது. மேகம் கடல்நீரை முகந்து மலையில் பெய்கிறது. வெள்ளம் பெருகி வயலை நிறைக்கிறது. உழவர் நாற்று நடுகிறார்கள். அது யூதேயா நாடு என்று சொல்லப்படுகிறது. கண்ணுக்குத் தெரிவதோ காவிரிக்கரை. எருசலேமைப் போய்ப் பார்த்துவந்த யாத்திரிகர் கல்லும் முள்ளும் நிறைந்த அந்த மலைநாட்டை நினைத்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நம் முப்பாட்டன்மாருக்குச் சர்வேசுரனுடைய நாடு நெல் விளையும் நாடாகத் தெரியவேண்டும் என்பது சுவாமியாரின் ஆசை.

அதே 1726-ம் வருஷக் கடைசி நாளில் அவர் ஊர்க்காரரான ஞானப்பிரகாசியாருக்கு உரோமாபுரியில் அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுக்கப்பட்டது. ஒரே சிற்றூர் அந்த ஒரே வருஷத்தில் திருச்சபைக்கு ஓர் அர்ச்சியசிஷ்டவரையும் தமிழுக்கு ஒரு காவியத்தையும் தந்தது.

பிள்ளைகளே, நீங்கள் சிலேட்டில் எழுதும் எழுத்திலும் அவர் கை இருக்கிறது. முற்காலத்தில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். குறிலானால் மேலே ஒரு புள்ளி வைக்கவேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். தென் என்பதா, தேன் என்பதா. கொடு என்பதா, கோடு என்பதா என்று இடம்பார்த்து ஊகிக்கவேண்டியிருந்தது. சுவாமியார் புள்ளியை நீக்கி, நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்தார். ஒற்றைக் கொம்பு குறிலுக்கென்றும், மேலே சுழித்த கொம்பு நெடிலுக்கென்றும் வகுத்தார். இன்று சைவரும் வைணவரும் முஸ்லீம்களும் கடவுளே இல்லையென்பாரும் அந்தச் சுழித்த கொம்பைத்தான் எழுதுகிறார்கள்.

1730-ல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கம் செய்தார். 1732-ல் சதுரகராதி வந்தது. அதற்குமுன் சொற்பொருள் அறிய நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்யவேண்டும். சுவாமியார் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரித்து, சொற்களை அகரவரிசையில் வைத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். காமத்துப்பாலைத் துறவி தொடவில்லை. பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரும் தூங்குகிற ஆற்றைக் கொள்ளிக்கட்டையால் சோதித்த கதையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய கதையும் அவர் எழுதியவையே. பெரிய பண்டிதர்கள் எல்லோரும் சிரிக்க வைப்பார்கள் என்று சொல்ல முடியாது, இவர் வைத்தார். 1822-ல் லண்டனிலும் அந்தக் கதை அச்சேறிற்று.

தேம்பாவணி எல்லோருக்கும் புரிகிற நூலா? இல்லை. களத்துமேட்டில் உழைத்துச் சோர்ந்துவரும் விசுவாசிக்கு அந்தச் செந்தமிழ் எட்டாது. இன்றைக்கு நமக்கும் உரையில்லாமல் எட்டாது. அது அவருக்கும் தெரியும். ஆகையால்தான் பெண்கள் பாடிக் கேட்கிறபடி கித்தேரியம்மாள் அம்மானையை எளிய நடையில் செய்தார். ஊர் ஊராகச் செபஞ்சொல்லிக் கொடுக்கும் உபதேசிமாருக்காக வேதியர் ஒழுக்கத்தை வசனமாக எழுதினார். வருஷத்துக்கு ஒருமுறை சுவாமியார் வந்தால் அதிகம் என்றிருந்த காலத்தில் வேதத்தைக் காத்தவர்கள் அந்த உபதேசிமாரே. ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகிறவனுக்கு அருகிருந்து செபிப்பதும், கலகம் வந்தால் முதல் அடி வாங்குவதும் அவர்கள் பங்கு. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

சுவாமியாருக்கு வெளியிலிருந்து வந்த துன்பத்தைச் சொன்னோம். வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு துன்பம் வந்தது. பாப்பரசரின் பிரதிநிதியாகிய தூர்னோன் ஆண்டவர் சீனாவுக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் தங்கி, 1704-ல் ஒரு கட்டளை பிறப்பித்தார். சேசு சபையார் இந்நாட்டு வழக்கங்களுக்கு அளவுமீறி இடங்கொடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஞானஸ்நானத்தில் குருவானவர் எச்சில் தொட்டுப் பூசும் சடங்கை இந்நாட்டார் அருவருக்கிறார்கள் என்று விட்டிருந்தார்கள், விடக்கூடாது என்றார். தாலியின் வடிவத்தைப் பற்றித் தடை விதித்தார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைக்குள் குருவானவர் போய் அவஸ்தைப்படுகிற நோயாளிக்குத் தேவதிரவிய அநுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டார். வழக்கு உரோமாபுரியில் நாற்பது வருஷம் நடந்து, 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசரின் ஆணையோடு முடிந்தது. வீரமாமுனிவரின் இந்திய வாழ்வு ஏறக்குறைய முழுவதும் இந்த வழக்கின் நிழலிலேயே கழிந்தது. நாளைக்கு எது அனுமதி, எது விலக்கு என்று தெரியாமலே அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? நாங்கள் ஒளிக்காமல் சொல்லுகிறோம். பாஷையையும் உடையையும் கலையையும் ஏற்றுக்கொண்டதில் சேசு சபையார் பக்கமே நியாயம்; 1940-ல் உரோமை பழைய தடைப் பிரமாணத்தை நீக்கியதும், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் பூசையே தமிழில் வந்ததும் அதை விளக்கும். ஆனால் எளியவனின் குடிசைக்குள் குருவானவர் குனிந்து நுழையவேண்டும் என்ற விஷயத்தில் தூர்னோன் ஆண்டவர் சொன்னதே சேசுநாதரின் வழி. எல்லாக் குலத்தாரிடமும் போய்வரப் பண்டாரசுவாமிகள் என்ற ஏற்பாடு 1640 முதல் இருந்ததும், அந்தச் சுவாமிமார் எளியவருக்காக அலைந்து தேய்ந்ததும் மெய்தான். என்றாலும் சாதிச் சுவரை இடியாமல், அதில் வாசல் மட்டும் வைத்தார்கள். அந்தச் சுவரின் மிச்சம் நம் மேற்றிராசனத்துக் கிராமங்களில் கோயிலிலும் கல்லறையிலும் எவ்வளவு காலம் நின்றது, இன்னும் எங்கெங்கே நிற்கிறது என்பதை நம் பங்கு மக்களுக்கு நாங்கள் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கார வேதம் என்ற பழியைத் துடைக்க வந்த பெரியவர்கள், அதோடு உள்ளூர்ப் பாவம் ஒன்றையும் சகித்துக்கொண்டார்கள்.

தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தரன் சபையார் இருந்தார்கள். 1715-ல் அவர்கள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்கள். சுவாமியார் அவர்களோடு கடுமையாகத் தர்க்கித்தார். வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய கண்டன நூல்களை எழுதினார். அவர்களும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. அந்த நூல்களின் காரம் இக்காலத்துக்குப் பொருந்தாது. அதிசயம் என்னவென்றால், பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டு வெளியிட்டவர்கள் அதே தரங்கம்பாடியார்தான். தர்க்கத்தில் எதிரி, தமிழில் வாத்தியார்.

சுவாமியார் பல்லக்கில் ஏறி, பட்டாடை போர்த்து, புலித்தோல் ஆசனத்தில் அமர்ந்து, சந்தா சாகிபுக்குத் திவானாக இருந்தார் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது 1822-ல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய சரித்திரத்திலிருந்து பரவியது. பழைய சுவடிகளைத் தேடித் திரட்டிய அந்தப் பெரியவருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் திவான் உத்தியோகத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் நம்புவதில்லை. சந்தா சாகிபோடு பழக்கம் இருந்திருக்கலாம். தம் மக்களைக் காக்க அதிகாரிகளிடம் போய்வருவது எந்தக் குருவானவருக்கும் உள்ள வேலை. பட்டும் பல்லக்கும் இல்லாமலே அவர் பெரியவர்.

1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறைகொண்டு போனார்கள். நாடு கலங்கிற்று. வயது அறுபதைத் தாண்டிய சுவாமியார் தெற்கே போனார். பழைய புத்தகங்கள் அவர் 1742-ல் மணப்பாட்டில் இறந்ததாகச் சொல்லும். அது சரியல்ல. அவர் மலையாள தேசத்து அம்பலக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ந் தேதி, அருளானந்தர் வெட்டுண்ட அதே நாளில், ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார் என்பதே இப்போது ஏற்கப்பட்டது. அந்த அம்பலக்காட்டிலேதான் 1679-ல், அவர் பிறப்பதற்கு முந்திய வருஷம், புரோவன்சா சுவாமியாரின் தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதி அச்சானது. அகராதி பிறந்த ஊரில் அகராதிக்காரர் அடங்கினார்.

அவர் போனபின் நடந்தது துக்கம். 1759-ல் போர்ச்சுக்கல் அரசு சேசு சபையாரைத் தன் நாடுகளிலிருந்து துரத்திற்று. 1773-ல் சபையே கலைக்கப்பட்டது. புதிய சுவாமிமார் வருவது நின்றது. இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1776-ல் இந்த மிஷன் புதுச்சேரியிலிருந்த பாரீஸ் அந்நிய வேதபோதகச் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் சீமை பின்னாளில் அவர்களுடைய உழைப்பில் தழைத்தது. இடைக்காலத்தில் சுவாமியாரின் பாட்டுகளுக்கு ஆதரவு ஏது? ஏலாக்குறிச்சியிலும் பிற ஊர்களிலும் உபதேசிமாரும் புலவரும் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டுகளாக வைத்திருந்தார்கள். கரையான் அரித்தால் இன்னொருவர் பார்த்தெழுதினார். நூறு வருஷத்துக்குமேல் தேம்பாவணி அப்படியே கைமாறிக் கைமாறிப் பிழைத்தது. கடைசியில் 1851-ல் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் முதல் பாகம் அச்சேறிற்று. மூன்றாம் பாகம் 1853-ல் முடிந்தது. அதை ஓலையில் பாடி வைத்த சுவாமியார் மண்ணுக்குள் போய் அப்போது நூற்றாறு வருஷம் ஆகியிருந்தது.